70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஒரு பள்ளி... வரப்போகும் டீச்சருக்காகத் தயாராகும் நோட்டு!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். இங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் அதை எண்ணிக்கொண்டே, செல்ஃபி எடுத்துக்கொண்டே போவார்கள். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சீக்குப்பாறை காட்சிமுனை, சோளக்காட்டில் அன்னாசியும் பலாவும் மலைவாழையும்... இது நமக்கெல்லாம் தெரிந்த கொல்லிமலை. கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடிப்பெருக்கு சமயத்தில் ஓரி விழா நடக்கும்போது வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இதே வளைவுகளை வேறொரு கூட்டமும் கடந்துகொண்டிருக்கிறது. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் நோட்டுக் கட்டு, தலையில் மஃப்ளர். மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள். கீழே வீடு, மேலே பள்ளி என்று இருப்பவர்களுக்கு இந்தச் சாலை சுற்றுலா அல்ல; தினசரி வேலையில் ஒரு பகுதி.

அவர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் பொங்கல் முடிந்த கையோடு மலையேறினோம். இடைநிலை ஆசிரியை. பிப்ரவரியிலிருந்து மகப்பேறு விடுப்பில் போகிறார். 'எனக்குப் பதிலாக வரப்போகும் டீச்சருக்காக ஒரு நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று தோழி ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பெயரோ ஊரோ வேண்டாம் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

43 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள்

செம்மேட்டிலிருந்து இன்னொரு பேருந்து. அதிலிருந்து இறங்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடை. ஓட்டு வீடுகள் முடிகிற இடத்தில் பள்ளி. இரண்டு அறை, ஒரு வராண்டா, பக்கத்தில் சமையலறை. வாசலில் ஒரு பலா மரம்.

"வாங்க தம்பி, வயிறு எப்படி இருக்கு? முதல் தடவை வர்றவங்க எல்லாரும் அம்பதாவது வளைவுக்கு மேல அமைதியாகிடுவாங்க" என்று சிரித்தபடி வரவேற்றார் டீச்சர்.

மொத்தம் 43 பிள்ளைகள். ஐந்து வகுப்புகள். ஆசிரியர்கள் இரண்டு பேர். தலைமை ஆசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரையுள்ள 26 பேர் டீச்சரிடம். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதுதான் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கு.

இரண்டு பேரில் ஒருவர் வராத நாளில்தான் சிக்கல். தலைமை ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். "எங்களுக்கு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து 24. சட்டப்படி தொடக்கப்பள்ளி நடக்க வேண்டியது குறைஞ்சது 200 நாள். அப்போ எட்டு நாளைக்கு ஒரு நாள், ஒரே ஆள் அஞ்சு வகுப்பையும் பார்க்கணும். இதுல பயிற்சி, கூட்டம், தேர்தல் வேலை எதையும் நான் சேர்க்கலைங்க."

நகரத்துப் பெரிய பள்ளியில் ஒரு டீச்சர் லீவ் போட்டால், அந்த பீரியடுக்கு வேறொரு டீச்சர் வந்து உட்கார்வார். 'சப்ஸ்டிடியூஷன்' என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் போதும். இங்கே அந்தச் சீட்டில் எழுத இன்னொரு பெயரே கிடையாது. பக்கத்துப் பள்ளியிலிருந்து யாரையாவது மாற்றுப்பணியில் அனுப்பினால் உண்டு. அந்தப் பக்கத்துப் பள்ளியிலும் இரண்டே பேராக இருந்தால், அங்கே ஒருவர் குறைவார்.

இப்போது விஷயம் ஒரு நாள் விடுப்பும் அல்ல. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள். அதற்கு முன்பு ஒன்பது மாதங்கள். ஒரு தாய்க்கு அது மிக நல்ல விஷயம். ஆனால், இன்று ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதும் பிள்ளை, டீச்சர் திரும்பி வரும்போது இரண்டாம் வகுப்பை முடிக்கப் போகும். இடைப்பட்ட காலத்தில் வருபவர் யார், ஒருவரா, மாறி மாறி மூன்று பேரா என்பது இன்னும் தெரியவில்லை.

"யாருன்னு தெரியாத ஒருத்தருக்கு லெட்டர் எழுதுற மாதிரி இருக்கு. அதனால யார் வந்தாலும் புரியுற மாதிரி எழுதணும்" என்றபடி நோட்டை நம்மிடம் நீட்டினார். 192 பக்க நீளநோட்டு. அட்டையில் 'வாங்க டீச்சர்' என்று எழுதியிருந்தது. சார் வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள் போல. கீழே சின்னதாக 'அல்லது சார்' என்று சேர்த்திருந்தார்.

முதல் பக்கத்தில் பாடமே இல்லை!

பாடக்குறிப்பு எழுதுவது ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து எழுதுகிறார்கள். நோக்கம், ஆயத்தம், துணைக்கருவி, மதிப்பீடு என்று அதற்கு ஒரு வடிவம் உண்டு. ஆனால், அது தனக்காகவும் பார்வையிட வரும் அதிகாரிக்காகவும் எழுதுவது. தன் வகுப்பையே பார்த்திராத இன்னொருவருக்காக எழுதுவது வேறு வேலை.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் பாடம் எதுவும் இல்லை. இருந்தவை இவைதான்:

காலையில் மேலே வரும் முதல் பேருந்து. அதைத் தவறவிட்டால் அடுத்தது. வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், ஒரு எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளவும். பள்ளிச் சாவியில் ஒன்று தலைமை ஆசிரியரிடம், இன்னொன்று சமையல் அக்காவிடம். குடிநீர் எந்தக் குழாயில் பிடிப்பது. வருகைப் பதிவை செல்போனில் ஏற்ற வேண்டும் என்றால், பலா மரத்தின் கிழக்குப் பக்கம் நின்றால் மட்டும் சிக்னல் வரும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் அறை இருட்டாகிவிடும், எனவே எழுத்து வேலை எல்லாவற்றையும் காலையிலேயே முடிக்கவும்.

"இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணும். ஆனா புதுசா வர்றவங்க முதல் நாள் சாவிக்கும் சிக்னலுக்கும் அலைஞ்சாங்கன்னா, பாடம் பதினோரு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். பிள்ளைங்க அதுக்குள்ள மரத்து மேல இருப்பாங்க" என்கிறார்.

அதே பக்கத்தில் ஒரு வரி நம் கவனத்தை ஈர்த்தது. 'இங்கே மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல. இந்த மலை மக்களின் பெயர் அது. தாய்மொழி தமிழ்தான்.' கீழிருந்து முதல் முறை வருபவர்கள் பிள்ளைகளிடம் 'உனக்குத் தமிழ் தெரியுமா?' என்று கேட்டுவிடுகிறார்களாம். பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த ஒரு கேள்வியால் பிள்ளைகள் ஒரு வாரம் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார் டீச்சர்.

டீச்சர் இல்லாமலே ஓடும் முதல் முக்கால் மணி நேரம்

இரண்டாம் பக்கத்தில் வகுப்பறையின் படம். கையால் வரைந்தது. எந்தப் பாயில் யார் என்று வட்டம் போட்டிருக்கிறார். வகுப்பு வாரியாக அல்ல; அரும்பு, மொட்டு, மலர் என்று.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் பிடிக்க, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்ட திட்டம். எழுத்து அறியத் தொடங்கும் நிலையில் இருப்பவர் அரும்பு, அதற்கு அடுத்து மொட்டு, பிறகு மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பில் இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை மலரில் இருக்கலாம். இந்த அறையில் அரும்பு 9, மொட்டு 11, மலர் 6.

"இதைத் தெரியாம உள்ள வந்து, 'மூணாம் வகுப்பு எல்லாம் எழுந்திரிங்க, வாசிங்க'ன்னு சொன்னா முடிஞ்சது. வாசிக்கத் தெரியாத பையன் எல்லார் முன்னாடியும் நிக்கணும். அடுத்த நாள் அவன் வர மாட்டான்."

மூன்றாம் பக்கத்துக்கு 'பேருந்து வராத நாள்' என்று தலைப்பு. மழை, மண்சரிவு, வண்டிப் பழுது என்று மலையில் பேருந்து தாமதமாகக் காரணம் நிறைய. அதனால் முதல் 45 நிமிடங்களைப் பிள்ளைகளே நடத்துவதுபோலப் பழக்கியிருக்கிறார். காலை உணவு முடிந்ததும் மலர்க் குழுவில் இருவர் பாய் விரிப்பார்கள். ஒருவர் தேதி, கிழமை, வானிலை மூன்றையும் கரும்பலகையில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் பெட்டியிலிருந்து அட்டைகளை எடுக்கும். அரும்புக்குப் படத்தோடு எழுத்து, மொட்டுக்கு இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள், மலருக்குச் சின்னச் சின்னக் கதைகள். முடித்த அட்டையைச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். டீச்சர் வந்ததும் அந்த டப்பாவைப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இதன் வேர் பழையது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை இன்று முப்பதை நெருங்குகிறவர்கள் மறந்திருக்க முடியாது. தரையில் பாய், சுவரில் ஏணிப்படி, கையில் அட்டை. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலி, தன்னைச் சுற்றியிருந்த கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய இடத்தில், ஆசிரியரின் வாயை மட்டுமே நம்பிப் பாடம் நடக்க முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. 'அடுத்து என்ன?' என்பது பிள்ளைக்கே தெரிந்திருந்தால், ஆசிரியர் மாறினாலும் வேலை நிற்காது.

52-லிருந்து 27 போனால்...

பாடங்கள் நான்காம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அதிலும் முதல் ஐந்து நாள்களுக்கு ஒரே ஒரு விதி, சிவப்பு மையில்: 'புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.'

ஏன்? கழித்தலை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். பெரியவர்கள் நமக்கு இது ஒரு வரி. பிள்ளைக்கு அப்படியல்ல. டீச்சர் இதை ஈர்க்குச்சியில் சொல்லிக் கொடுக்கிறார். பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு கட்டு. 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கொடுக்க உதிரி போதவில்லை. அதனால் ஒரு கட்டைப் பிரி. இப்போது நான்கு கட்டு, 12 உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து மிச்சம். இரண்டு கட்டைக் கொடுத்தால் இரண்டு மிச்சம். விடை 25.

"எங்க வகுப்புல இதுக்குப் பேரு 'கட்டுப் பிரிக்கிறது'. புதுசா வர்றவங்க நேரா கரும்பலகையில 'கடன் வாங்கு'ன்னு ஆரம்பிச்சா, பிள்ளைங்க வேற கணக்குன்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டு முறையும் சரிதான். ஆனா பாதி வழியில ரோட்டை மாத்தினா குழம்பிடும் இல்லையா? அதனால நாங்க சொல்ற வார்த்தையையும் எழுதி வெச்சிருக்கேன்."

உண்மையிலேயே நோட்டில் ஒரு சின்ன அகராதி இருக்கிறது. 'கட்டுப் பிரி', 'வாயை மூடி வாசி', 'கூட்டாளிக்குச் சொல்லு' என்று வகுப்பில் புழங்கும் சொற்களும் அவற்றின் பொருளும்.

முதல் ஐந்து நாள்களுக்கு அவர் எழுதியிருக்கும் வேலைகள் எல்லாமே ஏற்கெனவே தெரிந்ததைக் கையால் செய்பவை. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவது. பள்ளியிலிருந்து ஓடை வரை எத்தனை அடி என்று கணித்துவிட்டு, பிறகு நடந்து பார்ப்பது. சோளக்காட்டில் அன்னாசி என்ன விலை என்று வீட்டில் கேட்டு வந்து கூட்டல் போடுவது. தெரிந்த கதையின் முடிவை மாற்றிச் சொல்வது. பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை என்பதால் அவர்கள்தான் புது டீச்சருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் கிடைக்கும் பெருமை, பழைய டீச்சர் இல்லாத முதல் வாரத்தைத் தாண்ட உதவும். அந்த ஐந்து நாளில் புது டீச்சருக்கும் 26 பேர் பழகிவிடுவார்கள்.

ஆறாம் நாளிலிருந்து துறை தந்த ஆசிரியர் கையேட்டின் வரிசை. எந்தப் பாடத்தில் நிற்கிறோம், எந்தக் குழு எதில் திணறுகிறது என்று மட்டும் குறித்திருக்கிறார்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி

அடுத்த சில பக்கங்களை டீச்சர் கையால் மறைத்துக்கொண்டார். பிள்ளைகளின் பெயர்கள் இருந்ததால், சில வரிகளைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினார்.

'நின்று பதில் சொல்ல மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் சொல்வாள்.' 'இடது பக்கம் காது கொஞ்சம் மந்தம். முன் பாயில் வலது ஓரம்.' 'மலையின் பின்பக்கத்திலிருந்து நடந்து வருகிறான். தாமதத்துக்குக் காரணம் கேட்க வேண்டாம்.' 'அம்மா, அப்பா வேலைக்கு வெளியூர். பாட்டியிடம் இருக்கிறாள். கையெழுத்து வாங்கி வரச் சொல்ல வேண்டாம்.'

ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஏதோ எழுதி, வெள்ளை மையால் அழித்திருந்தது. "'குறும்பு, கவனமா இருக்கவும்'னு எழுதியிருந்தேன். சார்தான் வேண்டாம்னாரு" என்றார் டீச்சர்.

தலைமை ஆசிரியர் காரணம் சொன்னார். "புதுசா வர்றவங்களுக்கு அந்தப் பையனை நாம இப்படிச் சொல்லிக் கொடுத்துட்டா, அப்புறம் சாக்பீஸ் உடைஞ்சாலும் அவன்தான், ஜன்னல் உடைஞ்சாலும் அவன்தான். அவனுக்கும் ஒரு புது ஆரம்பம் கிடைக்கட்டுமே." இப்போது அந்த இடத்தில், 'மணி அடிக்கும் வேலையை இவனிடம் கொடுக்கவும்' என்று இருக்கிறது.

சாக்பீஸும் பூட்டும் மட்டும்

இதையெல்லாம் மறுமுனையில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? திரும்பும் வழியில் செம்மேட்டில், மலையில் இன்னொரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக வேலை பார்த்த இளம்பெண்ணிடம் பேசினோம். ஆசிரியர் பயிற்சி முடித்தவர். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அந்த வேலை கிடைத்திருக்கிறது.

"நான் போன அன்னிக்கு என் கையில கொடுத்தது ஒரு சாக்பீஸ் டப்பா, ஒரு பூட்டு. அவ்ளோதான். முன்னாடி இருந்த டீச்சருக்கு அவசரமா மாறுதல் வந்துடுச்சு, அவங்க மேல தப்பு இல்ல. ஆனா முதல் ஒரு மாசம் நான் பாடம் நடத்தலைங்கண்ணா. எந்தப் பிள்ளைக்கு எது தெரியும்னு கண்டுபிடிச்சுட்டு இருந்தேன். தெரிஞ்சதையே மறுபடி நடத்தினேன். பெரிய பிள்ளைங்களுக்கு போர் அடிச்சுடுச்சு. மிளகு பறிக்கிற சீசன் வேற. ரெண்டு பொண்ணுங்க தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க. ஒருத்தி திரும்பி வந்தா. இன்னொருத்தியைக் கூட்டிட்டு வர ரெண்டு மாசம் ஆச்சு."

இங்குள்ள பெற்றோர் பலருக்குத் தை, மாசி மாதங்களில் மிளகுத் தோட்டத்தில் வேலை இருக்கும். 'ஸ்கூல்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இங்க வந்து தம்பியைப் பாத்துக்கோ' என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மலைப் பள்ளியில் ஒரு வகுப்பு ஒரு வாரம் 'சும்மா' இருப்பதன் விலை, ஒரு பாடம் விட்டுப்போவது மட்டுமல்ல. ஒரு பிள்ளையே விட்டுப்போகலாம்.

டீச்சர் இந்த நோட்டை எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு இந்தப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களுக்கு நேரே வரிசையாக 'ஆ' விழுந்திருந்ததாம். ஆப்சென்ட்டுக்கு 'ஆ'.

கடைசி 60 பக்கங்கள் காலி

நோட்டின் பின்பாதியில் எதுவும் எழுதவில்லை. ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் மட்டும் போட்டிருக்கிறார். 'முடித்தது', 'பாதியில் நிற்பது', 'வராதவர்கள்.' நாளுக்கு மூன்று வரி.

"அவங்க எழுதுறதுக்கு. ஒருத்தர் போய் இன்னொருத்தர் வந்தாலும், அவங்களும் இதையே பார்த்துக்கலாம். நான் திரும்பி வரும்போது எனக்கும் இதுதான் பாடக்குறிப்பு. அப்போ இந்த வகுப்புக்கு நான்தானே புது டீச்சர்?"

படிக்கும் உங்களில் ஆசிரியர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். சிலருக்கு நாளைக்கே திடீர் விடுப்பு தேவைப்படலாம். 192 பக்கம் எழுத முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று டீச்சரிடம் கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்:

• மேசை இழுப்பறையில் மூன்று நாளுக்கான வேலையைத் தனிக் கவரில் எப்போதும் வைத்திருங்கள். எந்த மாதத்தில் எடுத்தாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அவசரம் என்பது உடல்நிலை சரியில்லாத நாளில்தான் வரும். அன்று உட்கார்ந்து எழுத முடியாது.

• உங்கள் பாடம் தெரியாதவர் வருவார் என்று நினைத்து எழுதுங்கள். கணக்கு டீச்சருக்குப் பதில் உடற்கல்வி ஆசிரியர் வரலாம். விடைகளையும் சேர்த்து வையுங்கள்.

• 'பக்கம் 34 முதல் 40 வரை' என்று மட்டும் எழுதாதீர்கள். முதலில் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், சீக்கிரம் முடித்தவர்கள் என்ன செய்வார்கள் என்று மூன்றும் வேண்டும். பாதிச் சண்டை, சீக்கிரம் முடித்தவர்கள் சும்மா இருக்கும்போதுதான் வரும்.

• மருந்து, ஒவ்வாமை, யார் வந்து அழைத்துப் போவார்கள்... இவை பாடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

• திரும்பி வந்ததும், பதிலுக்கு வந்தவர் செய்ததைப் பிள்ளைகள் முன்னால் குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை வருபவரை அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் எழுதிய பக்கம்

நாம் கிளம்பும் நேரத்தில் மூன்று குழுக்களும் வராண்டாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தன. புது டீச்சருக்கு ஆளுக்கொரு வரி. எழுத வராத அரும்புகள் படம் வரையலாம். அந்தத் தாள்களையும் நோட்டில் ஒட்டப் போகிறாராம்.

பெரும்பாலும் பேர், ஊர், பிடித்த சாப்பாடு. ஒருத்தி, 'எங்கள் வீட்டில் பலாப்பழம் உண்டு, தருகிறேன்' என்று லஞ்சமே எழுதியிருந்தாள். ஒருவன் பேருந்தை வரைந்து அதன் ஜன்னலில் வாந்தி எடுக்கும் டீச்சரையும் வரைந்திருந்தான். அதைப் பார்த்து டீச்சருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

கடைசியாக, நின்று பதில் சொல்லாத அந்தச் சின்னப் பெண் தாளைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. டீச்சர் மெதுவாக வாசித்தார். 'மழ வந்தா எங்கள முன்னாடியே விடுங்க. ஓடைல தண்ணி வந்துரும்.'

ஓடைக்கு அந்தப் பக்கம் நான்கு வீடுகள். ஐந்து பிள்ளைகள். மழை நாள்களில் வானத்தைப் பார்த்து, நேரம் பார்க்காமல், அவர்களை மட்டும் டீச்சர் முன்கூட்டியே அனுப்பிவிடுவார். ஆண்டுக்கணக்காகப் பழகிப்போன வேலை என்பதால் அதை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைத் திறந்து முதல் பக்கத்துக்குப் போனார். பேருந்து நேரத்துக்கும் மேலே, தலைப்பை ஒட்டி இருந்த கொஞ்ச இடத்தில் அந்த ஐந்து பெயர்களையும் சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடு போட்டார்.